அம்புஜம் மாமி குடித்த நீலத் தண்ணீர்

மேடையின் நடுநாயகமாய் அமர்ந்து, மணியின் மேல் ஒரு கையை வைத்தபடி என்னை அன்போடு அச்சுறுத்திக்கொண்டிருக்கும் பெங்களூர் ஆடுகோடித் தமிழர் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய கோதண்டராமன் ஐயா அவர்களே! மன்றத்தின் மகளிர் அணியை ஒரு குடும்பமாய்க் கட்டிக் காத்துவரும் அம்மையார் வேதநாயகி அவர்களே! இந்த வட்டாரத்தின் நாடியைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்துப்போன நம் டாக்டர் சில்வெஸ்டர் அவர்களே! கை தட்டுங்கள், தட்டுங்கள், அந்தக் கைதட்டலுக்கு உரியவர் அவர்தான். முன்வரிசையில் முதுமையின் மாட்சியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் மழலையும் கையில் சர்க்கரைப் பொங்கலுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நேராக இங்கே வந்து, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பாமாவின் பணிவார்ந்த பொங்கல் வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய அன்பர் 'மூளை மருத்துவர்' என்றார். அந்தப் பெருமைக்கு நான் உரியவள் அல்லேன். மூளை மருத்துவர் உயிரோடு இருப்பவர்களைப் பார்ப்பார். நான் மறைந்தவர்களின் மூளையைப் பார்ப்பவள். குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த மூளையை மெல்லிய சீவல்களாய்ச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, இந்த மனிதருக்கு உள்ளே என்னதான் நடந்தது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அந்தப் பக்கம் ஒரு தங்கை பொங்கல் தொன்னையைக் கீழே வைத்துவிட்டாள். சாப்பிடம்மா, சாப்பிடு. இனி அந்த மாதிரி எதுவும் சொல்ல மாட்டேன். இனிச் சொல்லப்போவது அதைவிடப் பயங்கரமானது.

நண்பர்களே! நான் கோபக்காரி. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இன்று நான் கோபத்தோடு இந்த மேடைக்கு வரவில்லை. அதிர்ச்சியோடு வந்திருக்கிறேன். சென்ற நவராத்திரியில் பிடித்த அதிர்ச்சி இந்தத் தைப்பொங்கல் வரை என்னை விட்டு இறங்கவில்லை. இறக்கி வைக்க இடம் தேடினேன். இந்த மன்றத்தார் 'மூளையும் முதுமையும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் உங்கள் தலைக்குள் இருக்கும் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். மூளை என்றால் என்ன நினைக்கிறோம்? நினைவு, அறிவு, கணக்கு, கவிதை! அத்தனையும் நரம்பு செல்களின் வேலை, உண்மைதான். ஆனால் அந்த நரம்பு செல்களுக்கு இடையே வேறு ஒரு கூட்டம் குடியிருக்கிறது. மைக்ரோகிளியா என்று பெயர். வாயில் நுழையவில்லையா? விட்டுவிடுங்கள், காவல் செல் என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பில் கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்புப் படை இருக்கிறதே, அந்தப் படையின் ஒரு பிரிவு மூளைக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறது. நம் தெருவில் விசில் ஊதிக்கொண்டு கோலைத் தட்டிக்கொண்டு போகிறாரே கூர்க்கா, அவரைப் போல. அந்தக் கூர்க்காவாவது ஒரு டீக்கு நிற்பார். இந்தக் காவலர் நிற்பதே இல்லை. பிறந்ததிலிருந்து ஓயாமல், தூங்காமல், தன் மெல்லிய கைகளை நீட்டி நீட்டி, அக்கம்பக்கத்து நரம்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். குப்பை இருந்தால் பொறுக்குகிறார். செத்த செல் கிடந்தால் தின்று தீர்க்கிறார். உயிருள்ள எலியின் மூளைக்குள் இதை நேரிலேயே படம்பிடித்துக் காட்டிவிட்டார்கள், ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னால். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

காவலருக்கும் வயசாகும், இல்லையா? நமக்கு வயசானால் என்ன ஆகிறது? சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சின்னச் சொல்லுக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. தலைவர் ஐயா சிரிக்கிறார், வீட்டில் நடப்பது நினைவுக்கு வந்துவிட்டது போலும்! காவல் செல்லுக்கும் அதேதான். வயசான மூளையில், அதிலும் மறதி நோய் புகுந்த மூளையில், அவர் எப்போதும் பதற்றமாகவே இருக்கிறார். கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உடம்பு பருத்துப்போய் நிற்கும் அந்தக் கோலத்தை நான் தகட்டிலே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் உடம்பின் வேறு எங்கோ ஒரு மூலையில், பல்லிலோ, நெஞ்சுச் சளியிலோ, சிறுநீர்ப் பையிலோ, ஒரு கிருமி புகுந்துவிட்டால் என்ன ஆகும்? கிருமி மூளைக்கு வரவே வேண்டாம். சேதி மட்டும் இரத்தத்தில் ஏறி வந்தால் போதும். பதறிக் கிடக்கும் காவலர் கொதித்து எழுகிறார். திருடனைத் தேடுகிறேன் என்று தான் காக்கும் வீட்டின் பாத்திரத்தையே போட்டு உடைக்கிறார். காக்க வந்தவர் கையாலேயே நினைவுகள் நொறுங்குகின்றன. ஆராய்ச்சிகள் இப்போது இந்தத் திசையில்தான் கைகாட்டுகின்றன. முழுதும் முடிவாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகையில் படித்தபோது நானும் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். பிறகு என் எதிர்வீட்டில் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரர் சீனிவாசராகவன் மாமா. மாநில அரசின் குடிநீர்த் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாய்ப் பெங்களூரில் வேர்விட்ட குடும்பம். அவர் மனைவி அம்புஜம் மாமி. ஒரே மகன் ரங்கா, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை; மருமகளும் வேலைக்குப் போகிறவள். இப்படிப் பெயரெல்லாம் சொல்லிப் பேசலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் அவரிடம் கேட்டேன். "பேரைச் சொல்லும்மா. இன்ஜினீயர்னும் சொல்லு. இல்லேன்னா யாரோ படிக்காதவன் பண்ணினான்னு நினைச்சுப்பா," என்றார். ஆகவே அவருடைய உத்தரவோடுதான் பேசுகிறேன்.

காவேரித் தண்ணீர் இந்த ஊருக்கு வந்துசேர்வதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். காவேரி என்றதும் ஏன் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்? பயப்படாதீர்கள். நான் அரசியல் பேச வரவில்லை. கோதண்டராமன் ஐயா கூட மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார் பாருங்கள்!

மாமிக்குச் சில ஆண்டுகளாக மறதி நோய். அல்சைமர்ஸ் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்பில் வைத்த பால் மறந்தது, பிறகு பால் என்ற சொல் மறந்தது. ஆனாலும் மகனைத் தெரியும், கணவரைத் தெரியும், என்னைத் தெரியும். தெருவில் போகும் காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசவும் தெரியும். மாமா மாமியை எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? குளிப்பாட்டி, தலை பின்னி, புடவை கட்டிவிட்டு, சாதத்தைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார். மடிசார் கட்டுவது எப்படி என்று என் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது, நான் சுடிதார்காரி. அவரே கற்றுக்கொண்டார். ஆண்பிள்ளை ஒருவர் மனைவிக்கு இப்படிப் பணிவிடை செய்து நான் பார்த்ததில்லை. தாய்மார்களே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெருமூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அவர் வீட்டுக் கொலு எங்கள் தெருவுக்கே திருவிழா. படிகளில் பொம்மை வைப்பது மருமகளின் வேலை. படிகளுக்குக் கீழே பூங்கா அமைப்பது மாமாவின் தனி உரிமை. கேழ்வரகு விதைத்துப் பச்சைப் பசேலென்று முளைக்கவிடுவார். அதன் நடுவே ஓர் அணைக்கட்டு! அணைக்குப் பின்னால் தகரத் தொட்டியில் நிஜத் தண்ணீர். சின்ன மோட்டார் ஒன்று அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே மேலே ஏற்ற, அது வளைந்து நெளிந்து இறங்கி, பொம்மை ஊருக்குள் ஓடி, மறுபடி தொட்டிக்கே வந்துவிடும். தண்ணீர் கண்ணுக்கு அழகாய்த் தெரிய வேண்டும் என்று வேட்டிக்குப் போடும் நீலத்தில் கொஞ்சம் கலந்துவிடுவார். தெருக் குழந்தைகள் அந்த நீலநதியைவிட்டு நகராது.

சென்ற நவராத்திரியின் முதல் நாள் மாலை. வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பட்டுப்புடவை உடுத்தி மாமி. ஒருவர் பாட்டு ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மாமிக்குத் தெரியாமலே ஜமக்காளம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், யார் என்று சொல்ல மாட்டேன், தன் புடவை முந்தானையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார். பாட்டு நின்றது. மாமி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரியவில்லை, ஏதோ அவமானம் என்று மட்டும் புரிந்தது. மாமா ஓடிவந்தார். தோளில் இருந்த அங்கவஸ்திரத்தாலேயே துடைத்தார். அன்றே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார். இவள் மானம் இனி யார் முன்னாலும் போகக் கூடாது!

என்ன செய்தார் தெரியுமா? தண்ணீரை நிறுத்தினார்.

'அடப்பாவி' என்று யாரோ சொன்னீர்கள். பொறுங்கள். பாவி இல்லை அவர். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? கல்யாணத்துக்கு அழைத்துப் போகிறோம், பஸ்ஸில் ஊருக்குப் போகிறோம், வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், அப்போதெல்லாம் என்ன சொல்கிறோம்? 'இப்பத் தண்ணி குடிக்காதீங்க, அப்புறம் வழியில கஷ்டம்.' சொன்னதே இல்லை என்பவர்கள் கை தூக்குங்கள். ஒரு கையும் காணோம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது என்று, வெளியே கிளம்பினால் தொண்டையை நனைக்காமலே கிளம்பப் பழகியவர்கள்தானே நம் தாய்மார்கள்? தாகத்தை அடக்குவதுதான் மானம் என்று நாம் அல்லவா அவர்களுக்குப் பழக்கினோம்? மாமா புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதை ஒரு இன்ஜினீயரின் ஒழுங்கோடு செய்தார், அவ்வளவுதான்.

காலையில் மாத்திரையோடு அரை டம்ளர். சாப்பாட்டோடு ஒரு வாய். மதியத்துக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. சொம்பு பரணுக்குப் போயிற்று. சமையலறைக்குப் பூட்டு வந்தது. மாமி கேட்டிருப்பாரே என்கிறீர்களா? எந்தச் சொல்லைக் கொண்டு கேட்பார்? அந்தச் சொல்தான் ஏற்கெனவே தொலைந்துவிட்டதே! டம்ளரைத் தூக்கிக் காட்டினார், விளையாடுகிறாள் என்று வாங்கி வைத்தார்கள். பூட்டிய கதவைத் தட்டினார், பிடிவாதம் என்றார்கள்.

கொலு நாட்கள் ஓட ஓட மாமி மாறிப்போனார். பகலெல்லாம் தூக்கம். விழித்தால் பிதற்றல். புடவையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பொம்மைகளின் முகத்தில் எறும்பு ஊர்கிறது என்று அழுதார். பெற்ற மகனைப் பார்த்து, திருடன் வந்துவிட்டான் என்று மூலையில் ஒடுங்கினார். ரங்கா ஆடிப்போனான். அவனும் கெட்ட பிள்ளை கிடையாது. இணையத்தில் தேடினான், நோயின் அடுத்த கட்டம் என்று படித்தான். கட்டம் கட்டமாய் மோசமாகும் என்று பெரிய டாக்டரும் சொல்லியிருந்தாரே! இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று முடிவுக்கு வந்து, ஓசூர் ரோட்டைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசினான். மாமா எதிர்த்தார், கெஞ்சினார், கடைசியில் தளர்ந்து தலையசைத்தார். எந்த நாளில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள் தெரியுமா? விஜயதசமியன்று! நல்ல நாளாம்! பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், பெற்றவளை இல்லத்தில் சேர்க்க நல்ல நேரம் குறித்தார்கள். ரங்காவே என்னிடம் இதைச் சொன்னான்.

அதற்கு முந்தைய நாள், சரஸ்வதி பூஜை மாலை. கூடம் நிறையப் பெண்கள். நானும் தாம்பூலத் தட்டோடு நிற்கிறேன். மாமியை அலங்காரம் செய்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், மறுநாள் போகப்போகிறவர் ஆயிற்றே. மோட்டார் ஓடுகிறது. நீலநதி சலசலக்கிறது. மாமியின் கண் அதையே பார்க்கிறது. நான் மாமியின் கண்ணையே பார்க்கிறேன். திடீரென்று எழுந்தார். நடந்தார். நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு போய்க் கேழ்வரகுப் பயிர்மேல் முழங்காலிட்டார். இரண்டு கையையும் அணைக்குள் விட்டார். அள்ளினார், குடித்தார். அள்ளினார், குடித்தார். பட்டுப்புடவையெல்லாம் நீலம், பல்லெல்லாம் நீலம், உதடெல்லாம் நீலம். பொம்மை வீடுகள் மிதந்து போயின. பிடிக்கப் போனவர்களின் கையைத் தட்டிவிட்டுத் தொட்டியில் வாயையே வைத்து உறிஞ்சினார், மாடு குடிப்பது போல!

முற்றிவிட்டது, அபசாரம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் அத்தனை முகமும் சொன்னது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். கை சுட்டது. நெருப்பாய்ச் சுட்டது. பூஜைக் கூட்டத்தில், விளக்குச் சூட்டில், பட்டுப்புடவைப் பளபளப்பில், அந்தக் காய்ச்சல் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

நீலம் விஷமோ என்று பயந்துதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ச்சலுக்காக இல்லை, நோய்க்காக இல்லை, நீலத்துக்காக! அந்தத் தண்ணீர் மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால் முகத்தைத் துடைத்துவிட்டுப் படுக்கவைத்திருப்பார்கள், மறுநாள் காலையில் வண்டி வந்திருக்கும்.

இதோ அமர்ந்திருக்கிறாரே டாக்டர் சில்வெஸ்டர், பண்டிகை நாளிலும் கிளினிக்கைத் திறந்து வைத்திருந்த புண்ணியவான், அவர் மாமியின் வாயைத் திறக்கச் சொன்னார். "நீலத்தை விடுங்க சார், அது ஒண்ணும் பண்ணாது. நாக்கைப் பாருங்க," என்றார். வெடித்துக் காய்ந்து கிடந்தது நாக்கு. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனார் என்று கேட்டார். அப்போது என் சீனிவாசராகவன் மாமா சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் கவலையிலும் அவர் முகத்தில் சின்னதாய் ஒரு நிம்மதி.

"இப்பல்லாம் நனைக்கறதே இல்லை டாக்டர். நல்ல கண்ட்ரோலுக்கு வந்துடுத்து."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நேர்மையான அதிகாரி, பொய் சொல்லத் தெரியாதவர்.

"நிறுத்தலை டாக்டர். ரெகுலேட் பண்ணினேன். மத்தியானத்துக்கு மேல வால்வை மூடிடுவேன்."

கேட்டீர்களா நண்பர்களே! ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர்! மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும், சொந்த வீடு உள்ளவனுக்கும் வாடகை வீட்டுக்காரனுக்கும், கன்னடத்தானுக்கும் தமிழனுக்கும் வேறுபாடு பாராமல் குழாய் போட்டுத் தண்ணீர் கொடுத்தவர்! தன் வீட்டுக்குள், தன் கண்ணெதிரே, தன் கையால் நதி ஓடவிட்டு வேடிக்கை காட்டியவர்! அந்த நதிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து, அவர் மனைவி தாகத்தில் கருகியிருக்கிறார்! வெறுப்பினாலா? கிடையாது. கருமித்தனத்தாலா? கிடையாது. அன்பினால்! மானத்தைக் காக்கும் அன்பினால்! இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டா? சொல்லுங்கள், உண்டா?

பின்வரிசையில் அந்த ஐயா எழுந்து நிற்கிறார். என்ன கேட்கிறீர்கள்? "தண்ணி குறைஞ்சா புத்தி எப்படிம்மா குழம்பும்?" அருமையான கேள்வி, உட்காருங்கள். தண்ணீர் குறைந்தது, சிறுநீர் குறைந்தது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகியது. அந்தக் கிருமி பெருகிய இடம் எங்கே, மூளை எங்கே! ஆனால் சேதி போய்விட்டது. மாமியின் மூளைக்குள் நோயோடு போராடிப் போராடி ஏற்கெனவே பதறிக்கிடந்த காவலர்கள் எழுந்துவிட்டார்கள். எறும்பு ஊர்ந்ததும், மகன் திருடனாய்த் தெரிந்ததும் அந்தக் கலவரத்தில்தான். உள்ளே வீடு உடைந்துகொண்டிருக்கிறது, வெளியே நாம் அடுத்த கட்டம் என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நரம்பில் ஊசி, சொட்டுச் சொட்டாய்க் குளுக்கோஸ், கிருமிக்கு மருந்து. வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் சில நேரம் தோன்றுகிறது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உடைஞ்சது திரும்ப வருமா பாமா?"

எத்தனையோ மூளைகளைப் பார்த்தவள்தான். ஆனால் நான் பார்த்த மூளை ஒவ்வொன்றும் கதை முடிந்துபோனவரின் மூளை. திரும்பி வந்த மூளை ஒன்றைக்கூட என் தகட்டில் நான் பார்த்ததில்லை. ஆகவே எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார். ரங்கா எங்கள் பக்கத்தில் வந்து நின்று, இல்லத்துக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னான்.

காய்ச்சல் இறங்கியது. பிதற்றல் குறைந்தது. ஒரு காலை நேரம், மாமி கண்ணைத் திறந்து கட்டிலின் ஓரத்தில் நின்ற மகனைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

"ரங்கா, சாப்ட்டியோ?"

அந்த வளர்ந்த பிள்ளை, வேலையிடத்தில் நூறு பேரைக் கட்டி மேய்க்கிறவன், கட்டிலில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. என்னையும் பார்த்தார், எதிராத்துப் பாமாதானே என்றார். நான் ஆனந்தத்தில் மிதந்தேன். மாமாவைக் கூப்பிட வெளியே ஓடினேன். அவர் பிளாஸ்க்கில் காபியோடு உள்ளே வந்தார், முகமெல்லாம் பூரிப்பு, கட்டிலை நெருங்கினார்.

மாமி சட்டென்று புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். அந்நிய ஆடவர் முன்னால் மூடிக்கொள்வாரே ஒரு பெண், அப்படி. பிறகு மகனிடம் மெல்லக் கேட்டார், இவர் யார் என்று.

அசதியில் கேட்கிறார் என்று நினைத்தோம். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நம்பினோம். சரியாகவில்லை. மகன் திரும்பி வந்தான், எதிர்வீட்டுக்காரி திரும்பி வந்தாள், காய்கறிக்காரர்கூடத் திரும்பி வந்தார். கணவர் மட்டும் வரவில்லை. ஏன் அந்த ஒரு முகம்? எனக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. எத்தனை மூளைகளைச் சீவிப் பார்த்தாலும் அதற்குப் பதில் அந்தத் தகட்டில் இருக்காது.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். ஐயா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு தூரம் வந்தது இதைச் சொல்லத்தான். தாய்மார்களே! தந்தையரே! படித்த பிள்ளைகளே! முதுமை மெல்ல வரும். மறதி நோயும் மெல்லத்தான் வரும், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். நேற்று வரை உங்களைத் தெரிந்த அம்மாவுக்கு இன்று உங்களைத் தெரியவில்லை என்றால், நேற்று வரை அமைதியாய் இருந்த அப்பா இன்று சுவரில் எறும்பைப் பார்க்கிறார் என்றால், தயவுசெய்து வயசு என்று சொல்லாதீர்கள்! விதி என்று சொல்லாதீர்கள்! அடுத்த கட்டம் என்று இணையத்தில் தேடாதீர்கள்! உடம்பைத் தொட்டுப் பாருங்கள். நாக்கைப் பாருங்கள். பல்லைப் பாருங்கள். சிறுநீரைச் சோதியுங்கள். டாக்டரிடம் ஓடுங்கள். எங்கேயோ ஒரு கிருமி கதவைத் தட்டுகிறது, உள்ளே காவலர்கள் எழுந்துவிட்டார்கள், ஒவ்வொரு மணி நேரமும் ஒரு முகம் உடைந்துகொண்டிருக்கிறது! எந்த முகம் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகமாகவும் இருக்கலாம்.

பெற்றவர் நனைத்தால் என்ன? ஜமக்காளத்தைத் துவைக்கலாம்! மெத்தையைக் காயவைக்கலாம்! முந்தானையை இழுத்துக்கொள்ளும் விருந்தாளிக்கு வாசலைக் காட்டலாம்! நனைந்த துணியில் ஒருவர் மானமும் போகாது. நம்மைத் துடைத்துத் துடைத்து வளர்த்தவர்களுக்கு நாம் துடைத்துவிட்டால் குறைந்தா போவோம்? வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றியதும், உங்கள் வீட்டு மூத்தவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்களிடம் அந்தச் சொல் இல்லாமல் போயிருக்கலாம்.

சீனிவாசராகவன் மாமாவை இந்த விழாவுக்கு அழைத்தேன். மாமியைவிட்டு வர முடியாது என்றார். இங்கே புறப்படும்போது எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மணிக்கு ஒருதரம் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறார். கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நிற்கிறார், அந்நியர் நெருங்கினால் மாமிக்குக் கூச்சம். நீட்டுகிறார், மாமி குடிக்கிறார், டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அவர் வெளியே போன பிறகு மாமி என்னை அருகே கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்.

"இந்த மனுஷர் ரொம்ப நல்லவர்டி பாமா. கேக்காமலே தீர்த்தம் தரார். எங்காத்துக்காரர் வந்தா சொல்லணும், இவருக்கு ஏதாவது செய்யணும்."

அறை வாசலில் காலி டம்ளரோடு நின்ற மாமா அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். மறுபடி நிரப்பிக்கொண்டு வரச் சமையலறைக்குப் போனார்.

இவ்வளவு நேரம் என் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும், மணியை அடிக்காமல் பொறுத்த தலைவர் ஐயாவுக்கும், ஒரு நாக்கைப் பார்த்து ஓர் உயிரைத் திருப்பித் தந்த டாக்டர் சில்வெஸ்டருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. எல்லோர் வீட்டிலும் பால் பொங்கட்டும், எல்லோர் வீட்டுப் பெரியவரின் தொண்டையும் நனையட்டும். வணக்கம்.